ரூ.23,500 வாங்கிக்கொண்டு என் ஜாவாவின் கார்புரேட்டரையே மாற்றிவிட்டார்கள்: பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நான்கு நாட்களுக்கு முன்பு, தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில், எனக்குப் பின்னால் இரண்டு லாரிகள் வந்துகொண்டிருந்தபோது, என் 1969-ஆம் ஆண்டு ஜாவா மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டது. கிளட்சை அழுத்திப் பிடித்து, வண்டியை எப்படியோ ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். உயிரோடு இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்த வேலைக்கு நான் கொடுத்த தொகை ரூ.23,500. பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பழைய வண்டிகளுக்கென்றே நடப்பதாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, பழைய பொருட்களை விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் போட்டு, காணொளிகளால் ஆள் சேர்க்கும் வகைப் பட்டறை அது என்று மட்டும் சொல்கிறேன். ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி என் பெரியப்பாவினுடையது. சேலத்தில் ஜவ்வரிசி வியாபாரம் செய்தவர், ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கெல்லாம் அதில்தான் போய்வந்தார். அவர் காலமான பிறகு பதினைந்து ஆண்டுகள் கோணிச்சாக்கு போர்த்திக் கிடந்த வண்டியை, ஒன்றரை ஆண்டு செலவழித்துச் சீரமைத்தேன். சிலிண்டருக்குப் போர் அடித்து, அதாவது உட்சுவரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டாயிற்று. கிராங்க் சீல்களை மாற்றியாயிற்று. ஆறு வோல்ட் வயரிங் முழுவதும் புதிது. புதுப் பிஸ்டனுக்காக எண்ணூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டியும் முடித்தேன். மிச்சமிருந்தது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைச் சரியான அளவுக்கு டியூனிங் செய்வது ஒன்றுதான். ஜூலை மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கொண்டாடப்படும் ஜாவா, யெஸ்டி நாளுக்குப் பெங்களூர் போக வேண்டும் என்பது என் ஆசை.

வண்டியில் இருந்தது பழைய செக் வடிவமைப்பான ஜிகோவ் கார்புரேட்டர். ஜாவாவைத் தயாரித்த மைசூர்த் தொழிற்சாலை 1996-இலேயே மூடப்பட்டுவிட்டதால், தேய்மானம் இல்லாத அசல் ஜிகோவை வைத்திருப்பவர்கள் அதை விற்பதில்லை. விற்றால் நல்ல விலை கிடைக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கழற்றி ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் கார்புரேட்டரின் மேல்மூடி விளிம்பில் இரண்டு சிறிய பள்ளங்கள் உண்டு. ஒருமுறை வாழப்பாடி அருகே வண்டி நின்றபோது, பெரியப்பா கட்டிங் பிளேயரால் அந்த மூடியைத் திருகியதில் பதிந்த தடம் அது. அந்தக் கதையை நானே அந்தப் பட்டறைக்காரரிடம் விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வண்டியோடு வரச் சொன்னார்கள். நான் ஏமாந்த இடம் அதுதான் என்பதால் அந்தக் காலைப் பொழுதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் மெருகேற்றியதுபோல் பளபளத்தது. நான் கேட்பதற்கு முன்பே, "வேப்பர் பிளாஸ்டிங் பண்ணிருக்கோம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்று அவர் காரணத்தைச் சொல்லிவிட்டார். என் கண் எதிரிலேயே பொருத்தினார். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கைப்பேசியை அணைத்துப் பட்டறைப் பையனிடம் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். பிறகு சிறிய ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்து, "நீங்களே திருப்புங்க சார், உங்க பெரியப்பா வண்டி" என்றார். காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்றாக நான் திருப்பத் திருப்ப எஞ்சின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஓர் இடத்தைத் தாண்டியதும் தடுமாறியது. "அவ்வளவுதான், கையை எடுங்க" என்றார். இரண்டு சைலன்சர்களிலும் சிறு வயதில் நான் கேட்ட அதே சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "புகை வருதா பாருங்க, சுத்தமா இல்லை" என்று வேறு காட்டினார். அந்தப் புகையில்லாமையைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். ஏற்கெனவே முன்பணமாகப் பத்தாயிரம் கொடுத்திருந்தேன். மீதிப் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறையும் நின்ற இடத்திலேயே கைப்பேசி வழியாக அனுப்பினேன். ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்கள். கார்புரேட்டர் மேல் மூடப்படும் தகட்டு உறையை அவரே பொருத்தித் திருகை முறுக்கினார். அதன் பிறகு தொப்பூர் வரை நான் அந்த உறையைத் திறக்கவே இல்லை.

நான் அன்று கேட்டது வெறும் ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரைத் திறக்காமல் நின்ற இடத்தில் ஓடும் சத்தம். ஏர் ஸ்க்ரூவின் ஆட்சி ஆக்சிலேட்டரைத் திறக்கத் தொடங்கும் இடத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பாதித் திறப்பில் எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதைக் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் உயரமும், முழுத் திறப்பில் மெயின் ஜெட் என்ற துளையிட்ட சிறு திருகின் துளையும் தீர்மானிக்கின்றன. நின்ற இடத்தில் இனிமையாக ஓடும் எஞ்சின், ஏற்றத்தில் பட்டினி கிடக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் வண்டியானால் சூடேறும், சைலன்சரில் வெடிச்சத்தம் வரும், இழுவை குறையும். ஜாவா இரண்டு ஸ்ட்ரோக். பிஸ்டனுக்கு வேண்டிய ஆயிலே பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு கூடுகிறது, அதே நேரத்தில் ஆயிலும் குறைகிறது. தொப்பூரில் நடந்தது அதுதான். ஏற்றம் தொடங்கி ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்தது, கம்பியை உரசுவதுபோல் ஒரு கீச்சொலி கேட்டது, அத்தோடு பிஸ்டன் சிலிண்டரில் இறுகி, சக்கரமும் பூட்டிக்கொண்டது.

சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக்கின் கொட்டகையில் வண்டியைப் பிரித்தோம். ஸ்பார்க் பிளக்கின் முனை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது; பெட்ரோல் குறைந்து சூடேறியதன் அடையாளம் அது. சைலன்சர் துவாரப் பக்கத்தில் பிஸ்டன் உரிந்து, அந்த அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. கார்புரேட்டர் உறையைத் திறந்தோம். ஊசியின் கிளிப்பை மேல் பள்ளத்தில் மாட்டி, பெட்ரோல் குறைவாகப் போகும்படி ஊசியை இறக்கி வைத்திருந்தார்கள். ஆக்சிலேட்டரைத் திறந்து காட்டும்போது புகை குறைய அது ஓர் எளிய வழி. மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்த பெரியவர் ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். அதில் துளையின் அளவைக் காட்டும் எண் பொறிக்கப்படவே இல்லை. துளை நடுவில்கூட இல்லை. அப்போதுதான் மேல்மூடியைப் பார்த்தேன். விளிம்பு முழுவதும் வழவழப்பாக இருந்தது. ஒருமுறைக்கு மூன்றுமுறை விரலால் சுற்றித் தடவினேன். இரண்டு பள்ளங்களும் இல்லை. எவ்வளவு மெருகேற்றினாலும் அந்த ஆழத்துக்கு விழுந்த தடம் மறையாது. பளபளப்பு வேலைப்பாட்டால் வந்ததன்று. அது புதிதாக வார்த்த போலி. பெரியப்பாவின் கார்புரேட்டர் அவர்களிடமே தங்கிவிட்டது. அதற்கும் சேர்த்துத்தான் நான் ரூ.23,500 கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலையே பட்டறைக்காரரை அழைத்தேன். முதலில், இப்போது வரும் எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்றார். எத்தனால் கலந்தால் கலவை சற்று மெலியும், அதாவது எரிபொருளின் தேவைக்கு மேல் காற்று கூடும் என்பது உண்மை. அதை அறிந்து ஜெட் போடுவதற்குத்தானே டியூனிங் என்று கேட்டேன். உடனே, நான் ஆயிலைக் குறைத்து ஊற்றியிருப்பேன் என்றார். லிட்டருக்கு நாற்பது மில்லி என்ற கணக்கில் அளந்து ஊற்றுபவன் நான்; அளவுக் குவளை இன்னும் வண்டிப் பெட்டியில் இருக்கிறது. மேல்மூடியைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. "என்ன சார், திருட்டுப் பட்டமா கட்டுறீங்க?" என்று துண்டித்தார். மறுநாள் பையன் எடுத்து, அண்ணன் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னான். அதற்கு மறுநாள் வண்டியைக் கொண்டுவந்தால் பார்ப்பதாகச் சொன்னார்கள். எஞ்சின் பூட்டிய வண்டியை எழுபது கிலோமீட்டர் ஏற்றிவரும் வாடகை யாருடையது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நேற்று முதல் என் எண்ணிலிருந்து அழைப்பே போவதில்லை. ரசீது இன்றுவரை வரவில்லை. செயலிக்குப் புகார் அனுப்பினேன். பணம் தங்கள் வழியாகச் செலுத்தப்படாததால் தாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த விளம்பரம் இன்று காலையிலும் அங்கேயே இருந்தது. ரூ.23,500 போனது போக, மறுபடியும் போர் அடிக்கவும் பெரிய அளவுப் பிஸ்டனுக்கும் ஆகும் செலவு தனி.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ரசீது இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் என்னிடம் உள்ளன.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. லேத் பட்டறை மூடுவதற்குள் சிலிண்டரைக் கொண்டுபோக வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட்டு, கார்புரேட்டரின் உடலில் எங்காவது ஓர் அடையாளம் கீறி வையுங்கள். கழற்றிய ஜெட்டுகளைத் திரும்பக் கேளுங்கள். ஐட்லிங் சத்தத்தைக் கேட்டுப் பணம் கொடுக்காதீர்கள். ஏற்றத்திலோ நீண்ட சாலையிலோ ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் மீதியைக் கொடுங்கள். வெளுத்திருந்தால் அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

இன்னொன்று. மேல்மூடி விளிம்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு பிளேயர்த் தடங்கள் உள்ள ஜிகோவ் கார்புரேட்டர் எங்காவது விற்பனைக்கு வந்தால், தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள்.