வட்டியில் பத்து வீதம்: இறைவரி இணையச் சேவை திருகோணமலைக்காரருக்கு எவ்வளவு உதவும்?

2025ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க உள்நாட்டு இறைவரி (திருத்த) சட்டம் வருடாந்த வரி விலக்கு எல்லையை 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சமாக உயர்த்தியது. வங்கிகள் வைப்பு வட்டியில் கழிக்கும் வரியும் அதே 2025 ஏப்ரல் 1 முதல் 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. மாதம் 2 இலட்சம் சம்பளம் எடுக்கும் மாகாணசபை உத்தியோகத்தருக்கு முன்பு 10,500 ரூபா வெட்டினார்கள், இப்போது 3,000 தான். அதற்காக அவர் ஒரு கடிதம்கூட எழுதவேண்டியதில்லை, அலுவலகக் கணக்காளரே பார்த்துக்கொள்வார். வைப்பு வட்டியில் சீவிக்கும் உப்புவெளி ஓய்வூதியருக்கோ கிண்ணியா வியாபாரிக்கோ சலுகை அப்படித் தேடி வராது. அவர்கள் கேட்டுத்தான் வாங்கவேண்டும். அந்தக் கேட்கும் வேலைக்கு முதல் வாசல் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவை.

முதலில் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். பதிவுக்குக் காசு இல்லை, கொழும்புக்கு பஸ் ஏறவும் தேவையில்லை. அடையாள அட்டையின் இரு பக்கங்களும் தெளிவான படமாக வேண்டும். இப்போது குடியிருக்கும் விலாசம் அட்டையில் உள்ளதோடு ஒத்துவராவிட்டால் அதற்கும் ஒரு அத்தாட்சி கையில் இருக்கட்டும். சேவையின் சிறந்த பகுதி இதுதான். படிவம் குறுகியது, கேள்விகள் நேரானவை.

இங்கே பிழை விடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பழைய அடையாள அட்டை. ஒன்பது இலக்கமும் கடைசியில் வி எழுத்தும் கொண்ட எண்ணை பன்னிரண்டு இலக்கமாக்கும்போது முன்னால் 19 சேரும், பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின் 0 வரும், வி போய்விடும். வங்கியில் பழைய எண், திணைக்களத்தில் புதிய எண் என்று இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை வங்கியில் ஒருமுறை சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். பெயரும் அப்படித்தான். வைப்புப் பத்திரத்தில் முதலெழுத்துகளும் அட்டையில் தகப்பன் பெயர் முழுதாகவும் இருந்தால் பிறகு சரிபார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் இழுபடும்.

மற்றது இதைவிட மோசம். பிரதான வீதிப் பக்கம் ஏதாவது கொமினிகேஷனில் விண்ணப்பத்தை நிரப்பக் கொடுத்தால், கடைப்பொடியன் அவசரத்தில் தன்னுடைய மின்னஞ்சலையும் சிலவேளை கடைத் தொலைபேசி எண்ணையும் போட்டுவிடுவான். அன்றைக்கு எல்லாம் சரியாகவே நடக்கும். ஆறு மாதம் கழித்து கடவுச்சொல்லை மாற்றப் போனால் இரகசிய எண் அந்தக் கடைக்குப் போகும். அனுப்பு பொத்தானை அழுத்துமுன் திரையில் தெரியும் தொலைபேசி எண் உங்களுடையதா, குறைந்தது மகன் மகளுடையதா என்று கண்ணால் பாருங்கள்.

இனி சுயபிரகடனம். முழு ஏற்பாட்டிலும் நொண்டும் கால் இதுதான், திணைக்களத்தின் சேவையும் வங்கியின் சேவையும் ஒன்றையொன்று தொடாத இடமும் இதுவே. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாத வதிவாளர் தன் டின் இலக்கத்தோடு ஒரு பிரகடனத்தை வங்கிக்குக் கொடுத்தால் 10 வீதம் கழிக்கமாட்டார்கள். டின் இலக்கம் எடுத்தவுடன் கழிப்பு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. மூன்று வங்கியில் வைப்பிருந்தால் மூன்று பிரகடனம் வேண்டும், ஏப்ரல் 1இல் புதிய மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வரிக் கணக்கு ஆண்டு, பிறந்ததும் திரும்பவும் கொடுக்கவேண்டும். கூட்டுக் கணக்கென்றால் வட்டி இருவருக்கும் உரியது, ஆகவே கணவன் மனைவி இருவருமே கொடுப்பதுதான் பாதுகாப்பு.

கணக்கைப் பாருங்கள். 50 இலட்சம் ரூபா 8 வீத வட்டிக்குக் கிடந்தால் வருடத்துக்கு 4 இலட்சம் வரும். பிரகடனம் இல்லையென்றால் அதில் 40,000 போய்விடும். மாதாமாதம் வட்டி எடுப்பவருக்கு 33,333 ரூபாவுக்குப் பதில் ஏறக்குறைய 30,000 தான் கைக்கு வரும். அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் 18 இலட்சக் கணக்கில் அதைச் சேர்த்துப் பயப்படவும் தேவையில்லை. இப்படிப் பார்த்தால் ஊரில் உள்ள ஓய்வூதியர்களில் அநேகர் எல்லைக்குள்தான் நிற்பார்கள். ஆனால் வீட்டு வாடகை, கடை வருமானம், எல்லா வங்கி வட்டியும் சேர்த்துக் கூட்டவேண்டும். எல்லை தாண்டியது தெரிந்தும் பொய்ப் பிரகடனம் கொடுப்பது குற்றம்.

பிந்திக் கொடுத்தால்? அன்றிலிருந்துதான் பலன். ஒரு மாதம் கழித்த வரியை வங்கி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் திணைக்களத்துக்குக் கட்டிவிடுகிறது. கட்டிய காசைத் திருப்பித்தா என்று கவுண்டரில் நிற்கும் பிள்ளையோடு சண்டை பிடித்துப் பயனில்லை, அது அங்கே இல்லை. விபரத்திரட்டு, அதாவது ஆண்டு வருமானத்தைக் காட்டும் வரிப் படிவம், அனுப்பி மீளளிப்புக் கோருவதே வழி. மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கு விபரத்திரட்டின் கடைசி நாள் அடுத்துவரும் நவம்பர் 30.

விபரத்திரட்டுப் பக்கம் ஆளைக் களைக்க வைக்கும். இணையத்தளத்தில் தமிழ் இருக்கிறது, ஆனால் அட்டவணைகளை நிரப்பும் கட்டத்துக்கு ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. மூன்று மொழி நாட்டில் 60 வயதுக்காரர் நிரப்பவேண்டிய படிவத்துக்கு இது குறைதான். வட்டி அட்டவணையில் வங்கி தரும் கழிப்புச் சான்றிதழில் உள்ள மொத்த வட்டியைப் போடவேண்டும். பாஸ்புத்தகத்தில் விழுந்த தொகையைப் போட்டால் பிழையாகிவிடும். ஒரு இலட்சம் வட்டியில் 90,000 தான் புத்தகத்தில் தெரியும். அதையே வருமானமாகப் போட்டுவிட்டு 10,000 கழிப்பையும் கேட்டால் சான்றிதழோடு கணக்கு உதைக்கும். இன்னொன்று, முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் வைப்பு. அந்த வட்டி கைக்கு வந்த ஆண்டில்தான் முழுவதும் விழும், முந்திய ஆண்டுக்குப் பிரித்துப் போடக்கூடாது. சான்றிதழை ஏப்ரல் மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள், நவம்பரில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

இந்தச் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை புள்ளி என்றால் மூன்று. பதிவுக்கு மட்டும் நாலு கொடுக்கலாம். பிரகடனத்தை டின் கணக்கிலேயே ஒருமுறை கொடுத்து எல்லா வங்கிக்கும் போகச் செய்திருந்தால் ஐந்தும் கொடுக்கலாம். தொழில்நுட்பத்தில் அது பெரிய வேலையல்ல, சட்டம் இயற்றும் சபையில் இதைக் கேட்கவேண்டியவர்கள் திருகோணமலையிலிருந்தும் போயிருக்கிறார்கள். சந்தேகம் கேட்கத் திணைக்களத்தின் 1944 என்ற அழைப்பு எண் உண்டு. டின் இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

வட்டி தவிர விபரத்திரட்டில் கவனிக்கவேண்டிய வேறு சிலவும் உண்டு. வெளிநாட்டுக்கு இணையத்தில் வேலைசெய்து வங்கி வழியாக வெளிநாட்டுக் காசு எடுக்கும் பிள்ளைகளுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து வரி உண்டு. அந்த வருமானத்துக்கு உச்சவீதம் 15. வீடு வாடகைக்குக் கொடுப்பவர் வாடகையில் 25 வீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். கூரையில் சூரியக்கலம் பூட்டியவர் அதற்காக வருமானத்திலிருந்து வருடத்துக்கு 6 இலட்சம் வரை கழிக்கலாம்.

சுகாதாரக் காப்புறுதி பற்றியும் ஒரு சொல். கட்டுப்பணத்தை வரியில் கழிக்கலாம் என்று சொல்லிக் காப்புறுதி விற்கும் முகவர்கள் இன்னும் உலாவுகிறார்கள். அந்தச் சலுகை 2023 ஜனவரியோடு எடுபட்டுவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் காப்புறுதி எடுப்பது வேறு விடயம், வரியை நம்பி எடுக்காதீர்கள். அரச ஊழியர்கள் தனியார் காப்புறுதிக்குக் கையெழுத்துப் போடுமுன், சம்பளத்தில் ஏற்கெனவே வெட்டும் அக்ரஹார என்ற அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதி எந்தெந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு தருகிறது என்று தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பட்டியலை எடுத்துப் பார்க்கட்டும்.