கொரியன் நடிகர் லீ பியுங்-ஹுன்: 12 வருஷமா பாத்துட்டு வர்றேன், என் ரிவ்யூ இதான்

ஸ்க்விட் கேம் முதல் சீசன்ல அந்த கறுப்பு முகமூடிக்காரர் கடைசிக்கு முந்தின எபிசோடுல முகத்த காட்டுவாரு பாருங்க, அப்ப என் ரூம்மேட் "யார்ரா இது, குடுத்த பில்டப்புக்கு சாதாரண ஆளா இருக்காரு"ன்னு கேட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு டிவிய ஆஃப் பண்ணிட்டேன். 1991ல கொரியாவோட கேபிஎஸ் டிவில புதுமுகமா உள்ள வந்து அதுக்குள்ள 30 வருஷம் நடிச்சு முடிச்சிருந்த மூஞ்சிடா அது.

ஆனா அவன சொல்லி தப்பில்ல, எனக்கும் மொத தடவ புடிக்கல. ஹாஸ்டல்ல யாரோட ஹார்ட் டிஸ்க்குலயோ இருந்த ஐ சா தி டெவில் படம்தான் ஆரம்பம். எதிர்ல வில்லனா வர்ற சோய் மின்-சிக் திரைய கிழிச்சுட்டு வெளிய வந்துருவாரு போல நடிக்கிறாரு, இவரு என்னடான்னா இஸ்திரி போட்ட சட்ட மாதிரி மடிப்பு கலையாம நிக்கிறாரு. ஹீரோ வீக்குன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிட்டு தூங்கிட்டேன். அப்புறம் ரெண்டு மூணு நாள் கழிச்சும் மண்டைல ஓடுனது கடைசில அவரு ரோட்டுல நடந்துட்டே அழுவுற சீன் மட்டும்தான். பழி வாங்கி முடிச்சவன் அழுகையா சிரிப்பான்னே தெரியாம ஒரு சத்தம் வரும். அத்தன நேரம் மடிப்பு கலையாம இருந்ததே இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்னு அப்பதான் உறைச்சுச்சு.

அதுக்கப்புறம் பின்னாடி போய் தேடித்தேடி பாத்தேன். ஜேஎஸ்ஏ (2000), டைரக்டர் பார்க் சான்-வூக் படம், ரெண்டு கொரியா எல்லைல கண்ணிவெடிய மிதிச்சுட்டு நிக்கிற தென்கொரியா சிப்பாய் இவரு, அத எடுத்துவிடுறது வடகொரியா சிப்பாய். அதுக்கு முன்னாடி வந்த படங்கள்ல இவருக்கு சினிமா சரியா அமையல, இதுதான் தூக்கிவிட்டுச்சு. 2005ல எ பிட்டர்ஸ்வீட் லைஃப். இது எனக்கு நாலு தடவ ஆச்சு. ஹோட்டல் மேனேஜர், முதலாளி தன்னவிட வயசுல ரொம்ப சின்னவளான காதலிய வேவு பாக்க சொல்றாரு, இவன் ஒரு எடத்துல இரக்கப்பட்டுடுறான், அவ்ளோதான் கத. மொத தடவ சண்டைக்காக பாத்தேன். இப்ப பாக்குறது கடைசில கண்ணாடி ஜன்னல்ல தன் நிழல பாத்து குட்டிப்பையன் மாதிரி குத்துச்சண்ட போட்டு வெளயாடுற அந்த கொஞ்ச நேரத்துக்காக மட்டும்.

இப்ப குற. ஹாலிவுட். ஜி.ஐ. ஜோ ரெண்டு பார்ட், ரெட் 2, டெர்மினேட்டர், மேக்னிஃபிசென்ட் செவன், எல்லாத்தையும் உக்காந்து பாத்தவன்ங்கிற உரிமைல சொல்றேன், கையில கத்தியோ துப்பாக்கியோ குடுத்து, கறிவேப்பில மாதிரி வாசனைக்கு போட்டுட்டு தட்டு ஓரத்துல ஒதுக்கிட்டாங்க. அதே சமயம் 2012ல சொந்த ஊர்ல மாஸ்கரேட்ல ராஜாவும் கூத்தாடியுமா டபுள் ஆக்‌ஷன், கன்னத்துல மச்சம் ஒட்டி வித்தியாசம் காட்டுற வேலையே இல்ல, குரல்லயும் உக்கார்ற விதத்துலயும்தான் ஆள் மாறுவாரு. 1 கோடியே 20 லட்சம் டிக்கெட்டுக்கு மேல போச்சு, மொத்த ஜனத்தொகையே சுமார் 5 கோடி இருக்கற நாட்டுல.

இன்சைட் மென்ல (2015) கை போன ரவுடி, மாலத்தீவு போய் மோஹிட்டோ காக்டெயில் குடிக்கலாம்ங்கறத மோஹிட்டோ போய் மாலத்தீவு குடிக்கலாம்னு மாத்தி சொல்ற வசனம் கொரியால பெரிய ஹிட், அது இவரு ஸ்பாட்ல சேத்ததாம். அதே டைரக்டரோட தி மேன் ஸ்டாண்டிங் நெக்ஸ்ட்ல 1979 அக்டோபர் 26 அன்னிக்கு தென்கொரியா அதிபர் பார்க் சுங்-ஹீய சுட்ட உளவுத்துற தலைவரா வர்றாரு, பேரு மட்டும் மாத்திருப்பாங்க. படம் முழுக்க கோவம் வர்றப்பலாம் தலமுடிய கையால பின்னாடி கோதிவிடுவாரு, கத்த மாட்டாரு, முடி மட்டும்தான் கலையும். சுட்டு முடிச்சிட்டு ரத்தத்துல வழுக்கி விழுற எடத்துல நான் அப்படியே ஒறஞ்சுட்டேன். மிஸ்டர் சன்ஷைன் 24 எபிசோடு, மொத நாலு இழுவ, ஜோடி கிம் டே-ரி இவர விட 20 வயசு சின்னவங்க, அது கொஞ்ச நாள் உறுத்திச்சு, அப்புறம் மறந்துட்டேன், பொய் சொல்ல விரும்பல.

எல்லாத்தையும் தூக்கி சாப்புட்டது "அவர் ப்ளூஸ்" (Our Blues, 2022) சீரியல். ஜேஜு தீவுல வண்டில துணிமணி, சாமான்லாம் போட்டு ஊர் ஊரா விக்கிறவன். அம்மாகூட பேச்சுவார்த்த இல்ல. புருஷன் செத்தப்புறம் இன்னொருத்தர் வீட்டுக்கு ரெண்டாவதா போன அம்மா, சின்னப்பையனா இருந்த இவன்கிட்ட இனிமே என்ன அம்மான்னு கூப்புடாத, சின்னம்மான்னு கூப்புடுன்னு சொல்லிருக்கும். எங்கம்மாவுக்கு சப்டைட்டில் படிக்க வராது, நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வந்தேன், அந்த எடம் வந்ததும் எனக்கு சொல்ல வாய் வரல. அம்மாவே "என்னமோ கூப்புடாதன்னு சொல்றா போல"ன்னாங்க. சிடுசிடுன்னு எரிஞ்சு விழுற ஒருத்தன் உள்ளுக்குள்ள எவ்ளோ ஏங்குறான்னு கழுத்த திருப்புறதுலயே தெரியும். முடிவு சொல்ல மாட்டேன், தோயென்ஜாங்-ஜிகே, நம்ம குழம்பு மாதிரி ஒன்னு, அது வந்தா கர்ச்சீஃப் எடுத்து வெச்சுக்கங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு, தயவுசெஞ்சு டப்பிங் வேணாம். ஸ்க்விட் கேம தமிழ் டப்பிங்ல பாத்தவங்க அந்தாளோட பாதி சொத்த பாக்கவே இல்ல. கேபாப் டீமன் ஹண்டர்ஸ் அனிமேஷன் படத்துல மூஞ்சியே இல்லாம வெறும் குரல் மட்டும் குடுத்துருக்காரு, அதுவும் இங்கிலீஷ், கொரியன் ரெண்டுலயும், கேட்டுப் பாருங்க.

2025ல வந்தது நோ அதர் சாய்ஸ், மறுபடி பார்க் சான்-வூக், 25 வருஷம் பேப்பர் கம்பெனில ஒழச்சவன வெளிய அனுப்பிடுறாங்க, அடுத்த வேலைக்கு போட்டியா வர்றவங்கள ஒவ்வொருத்தரா தீர்த்துக்கட்ட கெளம்புறான். காமெடிய இவ்ளோ சீரியஸா வெச்சுக்கிட்டு நடிக்க இவரால முடியும்னு நான் நெனைக்கல. ட்ரெய்லர் ஓடுனப்ப எங்கம்மா கிச்சன்லருந்து எட்டிப் பாத்துட்டு கேட்டாங்க, "ஏம்ப்பா, அந்த வண்டிக்கார புள்ளதான, அம்மா போனப்புறம் வேலையும் போச்சா அவனுக்கு?"