வலைக்கு ஈயக் குண்டு: வீட்டில் வார்ப்பதா, கடையில் வாங்குவதா?

பழவேற்காட்டிலும் ஏரிக்கு மேற்கே தடா பக்கத்திலும் வீச்சு வலை கட்டும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

செலவு
வார்த்தால்: கிழிந்த வலையின் பழைய குண்டையே உருக்கலாம். அச்சு ஒருமுறைச் செலவு.
வாங்கினால்: ஒவ்வொரு வலைக்கும் காசு.

அளவு
வார்த்தால்: நம் வலைக்கு வேண்டிய எடை.
வாங்கினால்: கடையில் இருக்கும் எடை.

நீடித்து உழைப்பதில் வித்தியாசம் இல்லை. இரண்டும் அதே ஈயம்தான்.

பாதுகாப்பு
வாங்கினால்: கட்டிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.
வார்த்தால்: இங்கேதான் எனக்குப் பயம். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், விறகடுப்பே போதும். ஆனால் ஈரக் குண்டு ஒன்று உள்ளே விழுந்தால், தண்ணீர் சட்டென்று ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் அடிக்கும். புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பேட்டரி ஈயத்தைத் தொடவே வேண்டாம். அப்புறம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம்; வலைக் குண்டு காரீயம், இரண்டும் வேறு உலோகம். சமையல் பாத்திரத்தில் உருக்கவே கூடாது.

வீட்டில் சின்னப் பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் கடைக் குண்டுதான், யோசிக்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு வலை கட்டுபவருக்கும் அதுவே சரி. பல வலை கட்டுபவர், வீட்டைவிட்டுத் தள்ளிக் காற்றோட்டமான இடமும், கண்ணாடி, கையுறை, ஈயத்துக்கென்றே தனி இரும்புச் சட்டியும் இருந்தால் வார்க்கலாம். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம்.