அப்பா பெயரில் வரும் வரிக்கடிதம்: கோலாலம்பூரில் வீடு வைத்திருப்போர் விடுமுறையில் முடிக்க வேண்டியது

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பூட்டிக் கிடக்கும் அல்லது வாடகைக்கு விட்ட பூர்வீக வீடுகளில் இந்த முறையும் அதே காட்சிதான்: தபால்பெட்டியில் டிபிகேஎல் என்ற கோலாலம்பூர் மாநகராட்சி அனுப்பிய மதிப்பீட்டு வரிக் (வீட்டு வரி) கடிதங்கள், இறந்துபோன அப்பாவின் பெயரில்.

நில அலுவலகத்தில் கிராண்டை (உரிமைப் பத்திரத்தை) மாற்றிவிட்டால் எல்லாம் மாறிவிட்டது என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு ஏடு, வரி ஏடு வேறு. ஒன்றில் மாற்றியது மற்றதில் தானாக ஏறாது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, வீடு கைமாறினால் 3 மாதத்துக்குள் 'போராங் ஐ' (ஐ படிவம்), உரிமையாளர் இறந்தால் 1 வருடத்துக்குள் வாரிசு 'போராங் ஜே' டிபிகேஎல்லிடம் கொடுக்க வேண்டும். கூடவே மரணச் சான்றிதழ், புதிய கிராண்ட் நகல், ஐசி (அடையாள அட்டை) நகல், கடைசி ரசீது ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். பழைய பதிவில் 7 இலக்க ஐசி எண் இருக்கலாம். 12 இலக்க எண் 1990இல்தான் வந்தது. புது எண்ணில் தேடி ஒன்றும் வரவில்லையென்றால் பில்லில் உள்ள கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

வரி கட்ட வருடத்துக்கு 2 தவணை: பிப்ரவரி கடைசி, ஆகஸ்ட் கடைசி. பாக்கி நீண்டால் 'போராங் இ' என்ற நோட்டீஸ் வரும், அதற்கும் பதில் இல்லையென்றால் 'போராங் எஃப்', அதாவது ஜப்தி வாரண்டு. அந்த வீட்டில் இருக்கும் பொருள் யாருடையதானாலும் எடுக்கலாம் என்கிறது சட்டம். பாவம், வாடகைக்கு இருப்பவரின் பிரிட்ஜ் போய்விடும்!

ஏடு பழசாகிப் போனால் என்ன ஆகும் என்பதை 2013இல் கோலாலம்பூர் முழுக்கப் பார்த்தது. வீட்டின் வாடகை மதிப்பை வைத்துத்தான் வரி. 5 வருடத்துக்கு ஒருமுறை அந்த மதிப்பைப் புதுப்பிக்கச் சொல்லும் சட்டம் இருந்தும், டிபிகேஎல் 1992இல் போட்ட மதிப்பையே வைத்திருந்தது. அந்த நவம்பரில் 21 வருட வாடகை உயர்வு ஒரே கடிதத்தில் வந்து இறங்கியது. ஆட்சேபிக்க டிசம்பர் 17 வரைதான் நேரம். ஜனவரி 1இல் நடைமுறைக்கு வரும் மதிப்பை அதற்கு 14 நாள் முன்பே எதிர்க்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தவர்களின் கடிதம் அப்பா பெயரிலேயே பெட்டியில் கிடந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு குடியிருப்பு வீடுகளுக்கான வரி விகிதம் ஆண்டு மதிப்பில் 6லிருந்து 4 விழுக்காடானது. மாத வாடகை 1,500 ரிங்கிட் மதிப்பென்றால் ஆண்டு மதிப்பு 18,000. வரி 720, தவணைக்கு 360. இதையெல்லாம் தட்டிக்கேட்க நகரவாசிகள் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஆள் டிபிகேஎல்லில் கிடையாது. 1952இல் நகராட்சித் தேர்தல் கண்ட ஊர் இது. வேதனையாக இருக்கிறது.

பெயர் மாற்றும்போதே கடிதம் போக வேண்டிய முகவரியையும் மாற்றுங்கள். கவுண்டரில் முத்திரை குத்திய நகல் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.