மைடெக் கார் கண்காட்சி: முதலில் பின்சீட்டில் உட்காருங்கள்

புதுக் கார் வாங்க நான்கு ஷோரூம் ஏறி இறங்கினால் இரண்டு சனிக்கிழமை போய்விடும். கோலாலம்பூர் ஜாலான் டூத்தாமாஸ் மைடெக் அரங்கில் கார் கண்காட்சி நடக்கும்போது அதே வேலை ஒரு காலைப்பொழுதில் முடிகிறது. மலேசிய வாகனச் சங்கம் நடத்தும் கிலிம்ஸ் கண்காட்சி 2018க்குப் பிறகு 2024 டிசம்பர் 5 முதல் 11 வரை அங்கே நடந்தது. அதன் பெரிய பயன் மேடை விளக்குகளோ புது மாடல் திறப்போ அல்ல. ஒரு காரில் உட்கார்ந்து எழுந்த உடல் நினைவோடு பத்தே நிமிடத்தில் அடுத்ததில் உட்காரலாம். இந்த ஒப்பீட்டை எந்த ஷோரூமும் தர முடியாது.

காட்சிக் கார்களில் முன்சீட்டை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். பின்னால் இடம் தாராளமாகத் தெரியும். ஓட்டுநர் சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு, இறங்கிப்போய் அதன் பின்னாலேயே உட்காருங்கள். மின்சாரக் காரில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தளம் உயர்ந்திருக்கும். முழங்கால் மேலே எழும்பி, தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே இடைவெளி விழும். அங்கே உள்ளங்கை தாராளமாக நுழைந்தால், தைப்பூசத்துக்குப் பினாங்கு போகும் பயணத்தில் பின்னால் இருப்பவருக்கு இடுப்பு வலிக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் கையோடு அழைத்துப் போங்கள். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, வாசல்படி எத்தனை உயரம் என்பதை அவர் ஏறி இறங்குவதே சொல்லிவிடும். பின்சீட்டுக்கு ஏசி துவாரம் உண்டா, பிள்ளை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் வளையம் கைக்கு எட்டுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

காரின் பின்புறச் சாமான் அறையின் (பூட்) அடித்தட்டைத் தூக்கிப் பார்க்கத் தயங்க வேண்டாம். பல மின்சாரக் கார்களில் உபரி டயர் கிடையாது. ஓட்டையை அடைக்கும் பசையும் காற்றுப் பம்பும்தான் இருக்கும். டயரின் நடுப்பகுதியில் ஆணி குத்தினால் அது போதும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது, இழுவை வண்டிதான்.

ஏசியை மட்டும் அரங்கில் சோதிக்கவே முடியாது. அரங்கமே குளிர்ந்து கிடக்கும், வண்டியும் ஓடாது. கண்ணாடிக் கூரை விளக்கொளியில் அழகாகத்தான் இருக்கும். அதற்குத் திரை உண்டா என்று கேட்டு வையுங்கள்; வேறொரு நாள் மதியம் இரண்டு மணி வெயிலில் டெஸ்ட் டிரைவ் எடுத்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இனி பலகையில் உள்ள எண்கள். மின்சாரக் காரின் தூரக் கணக்கு எந்த முறையில் எடுத்தது என்பதுதான் முதல் கேள்வி. பிஒய்டி அட்டோ 3இன் 60.48 கிலோவாட் மணி பேட்டரிக்கு என்இடிசி என்ற பழைய சோதனை முறையில் 480 கிலோமீட்டர், டபிள்யூஎல்டிபி என்ற புதிய, கடுமையான முறையில் 420. அதே கார், அதே பேட்டரி. ஒரு காரின் என்இடிசி எண்ணை இன்னொன்றின் டபிள்யூஎல்டிபி எண்ணோடு ஒப்பிட்டால் முடிவே தவறும். மணிக்கு 110 கிலோமீட்டரில் நெடுஞ்சாலையில் போனால் டபிள்யூஎல்டிபி எண்ணிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது நல்லது. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு சுமார் 350 கிலோமீட்டர். 420 என்று எழுதிய காருக்கு ஈப்போ பக்கம் ஒரு முறை சார்ஜ் தேவைப்படும்.

'அரை மணி நேரத்தில் 80 விழுக்காடு' என்றால் எத்தனை விழுக்காட்டிலிருந்து என்று கேளுங்கள். 10இலிருந்து ஏறுவதும் 30இலிருந்து ஏறுவதும் ஒன்றல்ல. வீட்டில் ஒற்றை ஃபேஸ் மின்சாரம் என்றால் 32 ஆம்பியரில் 7 கிலோவாட்தான். 60 கிலோவாட் மணி பேட்டரி காலியிலிருந்து நிறைய ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் ஆகும். 11 கிலோவாட் சார்ஜருக்கு மூன்று ஃபேஸ் வேண்டும். கொண்டோவில் இருப்பவர்கள் கார் பார்க்கும் முன்பே நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்டுவிடுங்கள்.

விலையிலும் இதே கவனம் வேண்டும். அந்தக் கண்காட்சியில் மாதிரியாக நின்ற பெரோடுவா இமோ-2, 2025 டிசம்பரில் கியூவி-இ ஆக விற்பனைக்கு வந்தது. அறிமுக விலை 80,000 வெள்ளி (ரிங்கிட்), ஆனால் பேட்டரி அதில் சேரவில்லை. அதற்கு அப்போது மாத வாடகை 275 வெள்ளி. ஒன்பது ஆண்டில் 29,700. வாடகையைக் கூட்டாமல் அதைப் பக்கத்து மேடைக் காரோடு ஒப்பிடக் கூடாது. மற்றக் கார்களிலும் பலகை விலையில் காப்புறுதி சேர்ந்ததா என்று பாருங்கள். பழைய காரில் 55 விழுக்காடு என்சிடி (இழப்பீடு கோராததற்கான காப்புறுதித் தள்ளுபடி) இருந்தால் அதைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விற்பனையாளர் மாதத் தவணையையே சொல்லுவார். 90,000 வெள்ளிக் கடன், ஃபிளாட் ரேட் (முழுக் கடனுக்கும் எல்லா ஆண்டும் ஒரே வட்டி) 3 விழுக்காடு, ஒன்பது ஆண்டு என்றால் மாதம் சுமார் 1,058 வெள்ளி, மொத்த வட்டி 24,300. ஏழு ஆண்டாக்கினால் மாதம் சுமார் 1,296. வட்டியில் 5,400 மிச்சம். இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கண்காட்சி நடந்தது டிசம்பரில். ஆண்டு முடிவில் தள்ளுபடி தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஜனவரியில் பதிவானாலும் அது போன ஆண்டு தயாரித்த வண்டியாக இருக்கலாம். விற்கும்போது விலை அதற்கேற்பக் குறையும். காட்சிக்கு நின்ற வண்டியையே தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் நாள் முழுக்கக் கதவு திறந்து மூடியதில் 12 வோல்ட் பேட்டரி களைத்திருக்கக்கூடும். புதிது மாற்றித் தரக் கேளுங்கள். டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 3824 என்றால் 2024இன் 38ஆவது வாரத்தில் செய்தது. தயாரிப்பு ஆண்டு, தள்ளுபடி, கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்புமா என்ற மூன்றையும் புக்கிங் தாளிலேயே எழுதி வாங்குங்கள், வாட்சாப்பில் வேண்டாம்.