ஆவியில் துளி பிறப்பதைப் பார்க்க லாம்ப்ஸ் எப்படி?

சாண்டியா தேசிய ஆய்வகத்தில் வளர்ந்த லாம்ப்ஸ் ஓர் இலவச, திறமூல மூலக்கூறு இயக்கவியல் மென்பொருள்; அதாவது ஒவ்வோர் அணுவின் நகர்வையும் விசையிலிருந்து படிப்படியாகக் கணக்கிடும். மிகைத்தெவிட்டிய ஆவியில் (தாங்கக்கூடியதைவிட அடர்ந்த ஆவியில்) துளி கருவாவதை ஓட்டிப் பார்க்க எங்கள் முதல் தேர்வு இதுதான். ஒரே குறை, தப்பான உள்ளீட்டையும் சத்தமில்லாமல் ஓட்டி முடித்துவிடும்.

வழக்கமாகச் சறுக்குவது வெட்டுத்தூரத்தில், அதாவது இரு அணுக்களுக்கிடையிலான விசையை எந்தத் தூரத்துக்கு அப்பால் கணக்கில் எடுப்பதில்லை என்பதில். ஆர்கான் போன்ற எளிய அணுக்களுக்கான லெனார்ட்-ஜோன்ஸ் விசைக்கு 2.5 சிக்மா (சிக்மா என்பது அணுவின் விட்டம் மாதிரி) என்று பழக்கதோஷத்தில் போட்டால், ஆவி-திரவ வேறுபாடு மறையும் மாறுநிலை வெப்பநிலை 1.31-லிருந்து 1.1-க்கு அருகே இறங்கும் (வெப்பநிலையும் அடர்த்தியும் இங்கே அந்த விசையின் சொந்த அலகில்), 0.7 வெப்பநிலையில் பரப்பு இழுவிசை ஏறத்தாழ பாதியாகும். துளி உருவாகத் தாண்டவேண்டிய ஆற்றல் மேடான கருவாக்கத் தடை அந்த இழுவிசையின் மும்மடியைச் சார்ந்தது என்பதால் துளி பிறக்கும் வீதம் அடியோடு தப்பாகிவிடும். 6 சிக்மா வையுங்கள். ஆவியில் அண்டை அணுக்கள் குறைவு, பயப்படுகிற அளவுக்கு நேரம் கூடாது.

அடுத்தது வெப்பம். துளி வளரும்போது உள்ளுறை வெப்பம் வெளிவரும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் 'ஃபிக்ஸ் என்விடி' கட்டளை மொத்தச் சராசரியை மட்டுமே பிடித்து வைக்கும்; சராசரி 0.7 என்று காட்டும்போதே துளி அதைவிடச் சூடாக இருக்கும். வெப்பத்தை வாங்கிச் செல்ல, ஈர்ப்பில்லாத தாங்கு வாயு அணுக்களைச் சேர்த்து (வெட்டுத்தூரம் 1.122 சிக்மா), அந்த வெப்பக் கட்டுப்பாட்டை அவற்றுக்கு மட்டும் கொடுங்கள்.

துளியை எண்ண, அருகருகே உள்ள அணுக்களைக் குழுவாக்கும் 'கிளஸ்டர்/ஆட்டம்' கட்டளைக்கு 1.5 சிக்மா தூரம் கொடுங்கள். ஆனால் அடர்ந்த ஆவியில் தற்செயலாக உரசிப்போகும் அணுக்களும் துளியாக எண்ணப்படும். ஐந்து அண்டை அணுக்களாவது உள்ளவற்றை முதலில் அண்டை அணுக்களை எண்ணும் 'கோஆர்ட்/ஆட்டம்' கொண்டு பிரித்து, அந்தக் குழுவில் மட்டும் எண்ணுவது நல்லது. கணக்கு கனமானது, 1000 படிக்கு ஒருமுறை போதும். துளி ஒரே மூலையில் திரண்டால் ஒரு செயலிதான் உழைக்கும், மற்றவை சும்மா நிற்கும். வேலையைச் செயலிகளுக்குச் சமமாகப் பிரிக்கும் 'ஃபிக்ஸ் பேலன்ஸ்' போட மறக்காதீர்கள். துளிகள் ஆவியைத் தின்னத் தின்ன மிகைத்தெவிட்டலும் குறையும், ஆகவே வீதத்தை, துளிகளின் எண்ணிக்கை நேரத்தோடு நேர்கோட்டில் ஏறும் தொடக்கப் பகுதியில் மட்டும் எடுங்கள்.

எல்லை ஒன்று உண்டு. 10,000 ஆர்கான் அணுக்கள், அடர்த்தி 0.02 என்றால் பெட்டி சுமார் 2×10⁻¹⁷ கன செ.மீ. பத்து நானோவினாடியில் ஒரு துளி கிடைத்தாலே வீதம் கன செ.மீ.க்கு வினாடிக்கு 5×10²⁴. வாயுவை மீயொலி வேகத்தில் பாய்ச்சிக் குளிர்விக்கும் நாசில் சோதனைகள் எட்டுவது 10¹⁷ அளவு. அவ்வளவு குறைந்த வீதத்துக்குப் போக நேரடி ஓட்டம் உதவாது; பிளூம்ட் என்ற துணை மென்பொருளை இணைத்து, துளி அளவின் மீது அம்ப்ரெல்லா சாம்ப்ளிங் (அரிய நிலைகளுக்குச் செயற்கையாகத் தள்ளி அளக்கும் முறை) செய்யவேண்டும். அந்த இணைப்பை நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும்.