சி ஃபார்ம் போடுவதாகச் சொல்லி 3,000 ரூபாய் வாங்கிய புரோக்கர்

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடு விடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டவர் நம் வீட்டில் தங்குகிறார் என்று அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்தான் சி ஃபார்ம்.

மேடவாக்கத்தில் எங்கள் மாடி போர்ஷனுக்கு 2024 ஆகஸ்டில் புரோக்கர் ஒரு பையனைக் கூட்டி வந்தார். தான்சானியாவிலிருந்து படிக்க வந்தவன். ஒரு மாத வாடகை கமிஷன், அதற்கு மேல் 3,000 ரூபாய். "ஃபாரினர்னா சி ஃபார்ம் போடணும்மா, ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்கு" என்றார். இரண்டு நாளில் சீல் குத்திய தாள் ஒன்று வந்தது. படித்துக்கூடப் பார்க்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் புத்தி!

பத்து நாள் கழித்துப் பையன் கீழே வந்து நின்றான், முகமே வாடியிருந்தது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சி ஃபார்ம் கேட்கிறார்கள். தாளை எடுத்துக் கொடுத்தேன். "ஆன்ட்டி, இது அது இல்லை" என்றான். போலீஸ் ஸ்டேஷனில் வாடகைதாரர் விவரம் கொடுப்போமே, அந்தத் தாள்! உள்ளூர்க்காரருக்கும் அதையேதான் கொடுப்போம்.

போன் போட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் புரோக்கர். அப்புறம் எடுக்கவே இல்லை.

சி ஃபார்ம் போவது குடிவரவுத் துறைக்கு. ஆள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர்தான் போட வேண்டும். போடாவிட்டால் 1946-ஆம் வருஷ வெளிநாட்டவர் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை ஜெயில் என்று அண்ணன் மகன் படித்துக் காட்டியபோது எனக்குக் கை உதறியது. (2025 செப்டம்பர் 1 முதல் அதற்குப் பதில் புதுச் சட்டம். வீட்டுக்காரர் பொறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.)

கடைசியில் நானே போட்டேன். குடிவரவுத் துறை இணையதளத்தில் வீட்டுக்காரர் பெயரில் கணக்கு தொடங்க வேண்டும். அதற்கு அனுமதி வரவேண்டும் என்பதால் ஆள் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பிறகு பாஸ்போர்ட் எண், விசா எண், போட்டோ, வந்த தேதி. கட்டணம் ஒரு பைசா கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். தாமதத்துக்கு விளக்கக் கடிதத்தோடு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருந்த அந்தப் பதிவு அலுவலகத்துக்கு அலைந்தது தனிக் கதை. பையன் பதிவு ஒருவழியாக முடிந்தது. 3,000 வரவில்லை.

போன வாரம் அதே புரோக்கர் எதிர்வீட்டுக்கு இரண்டு வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். அவர் வண்டி தெரு முனை தாண்டியதும் எதிர்வீட்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன்: "தாள் கொடுத்தா வாங்கிக்கோங்க, ஆனா அதுல அந்தப் பிள்ளைங்க போட்டோவும் விண்ணப்ப எண்ணும் இருக்கான்னு பாருங்க."